இரண்டு சம்பளம், ஒரே பான்

ஜூன் மாதத்தில் கோவை விரிவுரையாளர் ஒருவரின் கைக்கு இரண்டு ஃபார்ம் 16 வருகின்றன. ஒன்று பகலில் பாடம் நடத்தும் கல்லூரி தந்தது. மற்றது மாலையில் வகுப்பெடுக்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் தந்தது. கல்லூரியில் மாதம் 80,000 ரூபாய், மையத்தில் 50,000. இரண்டு தாளிலும் பிடித்த வரி பூஜ்யம். 'அரசாங்கம்தான் 12 லட்சம் வரைக்கும் வரி கிடையாது என்று சொல்லிவிட்டதே' என்ற நிம்மதியோடு ஜூலைக் கடைசியில் ஆடிட்டரிடம் போகிறார். ஆடிட்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்க்கிறார். "மேடம், நீங்க ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்துச் சொச்சம் கட்டணும்."

இந்த விரிவுரையாளர் விளக்கத்துக்காக உருவாக்கப்பட்டவர். கணக்கு அப்படியல்ல; 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறைப்படி ரூபாய் பிசகாமல் போட்டது. கல்லூரியும் மையமும் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. அவரும் எதையும் மறைக்கவில்லை. அப்படியானால் இந்த ஒரு லட்சம் எங்கிருந்து முளைத்தது?

கல்லூரியின் சம்பளப் பிரிவு பார்ப்பது 9,60,000 ரூபாய் ஆண்டுச் சம்பளத்தை மட்டும். அதில் நிலைக்கழிவு 75,000 போனால் 8,85,000. அதற்குப் படிநிலைப்படி வரி 28,500. ஆனால் வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடி அதை முழுதாகத் துடைத்துவிடுகிறது. பயிற்சி மையமும் தன் பங்குக்கு இதையே செய்கிறது: ஆறு லட்சம், அதில் 75,000 கழிவு, மீதி 5,25,000, வரி 6,250, தள்ளுபடி, பூஜ்யம். ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே உரிய மூன்று சலுகைகள் இங்கே இரண்டு முறை வழங்கப்பட்டுவிட்டன. முதல் நான்கு லட்சத்துக்கு வரியில்லை என்ற வரம்பு இரண்டு முறை, நிலைக்கழிவு இரண்டு முறை, தள்ளுபடி இரண்டு முறை.

வருமான வரி வேலைக்கு விதிக்கப்படுவதில்லை, ஆளுக்கு விதிக்கப்படுகிறது. ஒரு பான் எண்ணுக்கு ஓர் ஆண்டில் ஒரே கணக்குதான். ஆகவே வருமான வரித் துறையின் பார்வையில் அவருடைய மொத்தச் சம்பளம் 15,60,000. நிலைக்கழிவு ஒருமுறை போக 14,85,000. நான்கிலிருந்து எட்டு லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10 சதவீதம், அது 40,000. அதற்குமேல் உள்ள 2,85,000-க்கு 15 சதவீதம், 42,750. ஆக 1,02,750. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி இல்லை. 4 சதவீத செஸ் சேர்த்தால் 1,06,860.

ஆடிட்டர் சொன்ன தொகைக்கும் இதற்கும் இடையில் இன்னும் 9,600-க்கு மேல் இருக்கிறது. அது வட்டி. சம்பளத்திலேயே பிடித்த வரி (டிடிஎஸ்) போக ஓர் ஆண்டில் கட்டவேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதை ஆண்டு நடக்கும்போதே நான்கு தவணைகளில் முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவில் 5,391 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம் கட்டாமல் வைத்திருந்ததற்கு 234பி பிரிவில், மாதம் ஒரு சதவீதமாக, 4,272 ரூபாய். வரியையாவது சம்பாதித்த பணத்திலிருந்து கொடுக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இந்த 9,663 ரூபாய் தகவல் தெரியாததற்காக மட்டுமே போகிற பணம். இந்த அத்தியாயம் எழுதப்படுவதே அதை மிச்சப்படுத்தத்தான்.

இரண்டாவது வேலைக்குத் தனியாக அதிக வரி போடுகிறார்கள் என்ற பேச்சு அலுவலக உணவறைகளில் அடிக்கடி காதில் விழும். இந்தியாவில் அப்படித் தனி விகிதம் ஏதும் கிடையாது. இரண்டாவது சம்பளம் முதல் சம்பளத்தின் தலைமேல் ஏறி உட்காருகிறது, அவ்வளவுதான். கீழ்ப்படிகள் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் அது மேற்படிகளின் விகிதத்தில் மாட்டுகிறது. எது முதல் வேலை, எது இரண்டாவது என்று துறை பார்ப்பதும் இல்லை.

ஒருவரிடம் சொன்னால் போதும்

இந்த வட்டியைத் தவிர்க்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192(2) பிரிவு, ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சம்பளம் வாங்குபவர் தன் விருப்பப்படி ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற இடத்துச் சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் எழுதிக் கொடுக்க இடம் தருகிறது. அதற்கான படிவம் 12பி. கொடுத்துவிட்டால், அந்த நிறுவனம் இரண்டு சம்பளத்தையும் கூட்டி, மொத்தத்துக்கு உரிய வரியைத் தன் சம்பளப் பட்டியலிலேயே பிடித்துக்கொள்ளும். மற்ற நிறுவனம் வழக்கம்போலத் தன் கணக்கைத் தொடரலாம்.

விரிவுரையாளர் ஏப்ரல் மாதமே கல்லூரியின் சம்பளப் பிரிவில் 12பி கொடுத்திருந்தால் மாதம் 8,905 ரூபாய் பிடித்திருப்பார்கள். 12 மாதத்தில் சரியாக 1,06,860. வட்டி இல்லை, ஜூலையில் நகையை அடகு வைக்கும் நிலையும் இல்லை. ஆண்டின் நடுவில் வேலை மாறுபவர்களுக்கும் இதே படிவம்தான். பழைய நிறுவனத்தில் ஆறு மாதம் வாங்கிய சம்பளத்தைப் புதிய நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால் இதே இரட்டைச் சலுகை, இதே ஜூலை அதிர்ச்சி.

பொதுவாக, சம்பளம் அதிகமாகவும் நிலையாகவும் வரும் இடத்தில் 12பி கொடுப்பது நல்லது. சின்னச் சம்பளத்தில் மொத்த வரியையும் பிடிக்கச் சொன்னால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

2024 அக்டோபரில் இன்னொரு படிவமும் வந்தது: 12பிஏஏ. வங்கி வட்டி, வாடகை, கட்டணமாக வரும் பகுதிநேர வருமானம், அவற்றில் ஏற்கெனவே பிடிக்கப்பட்ட டிடிஎஸ், கார் வாங்கியபோது செலுத்திய டிசிஎஸ் ஆகியவற்றை இதன் மூலம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம். முன்கூட்டிய வரியின் நான்கு தேதிகளையும் நினைவில் வைத்திருக்க முடியாதவர்கள் இந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இரண்டு இடத்திலும் சொல்ல விரும்பாதவர்களுக்கு மிஞ்சுவது முன்கூட்டிய வரி. வருமான வரித் துறையின் தளத்தில் 'இ-பே டாக்ஸ்' பக்கத்துக்குப் போய், பான் எண்ணும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் கொடுத்தால் சில நிமிடங்களில் கட்டிவிடலாம். நம் விரிவுரையாளர் ஜூன் 15-க்குள் சுமார் 16,000, செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 48,000 ஆகும்படி, டிசம்பர் 15-க்குள் 80,000 ஆகும்படி, மார்ச் 15-க்குள் மிச்சம் என்று கட்ட வேண்டியிருந்திருக்கும்.

அங்கே ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் தேவை. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டம், 2025, 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'வரி ஆண்டு' என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதன்படி 2026 ஏப்ரலில் தொடங்கும் வருமானத்துக்கு வரி ஆண்டு 2026-27. ஆக ஒரே எண், இரண்டு வேறு ஆண்டுகளின் வருமானம். தவறான பெட்டியில் டிக் அடித்துவிட்டால் கட்டிய பணம் வேறு ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்; அதைத் திருத்தி வாங்க அலைய வேண்டும். புதிய சட்டத்தில் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் உள்ளவை 2025-26 வருமானத்துக்குப் பொருந்தும் பழைய சட்டத்தின் எண்கள்.

12 லட்சத்தை ஒட்டிய மேடு

இரண்டாவது வேலையை எந்த மாதம் தொடங்குவது என்பதுகூட வரியை மாற்றிவிடும். விரிவுரையாளர் பயிற்சி மையத்தில் அக்டோபரில்தான் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மூன்று லட்சம். மொத்தச் சம்பளம் 12,60,000. கழிவு போக 11,85,000. 12 லட்சத்துக்குள் அடங்கிவிட்டதால் வரி பூஜ்யம்.

செப்டம்பரிலேயே சேர்ந்திருந்தால்? கூடுதலாக ஒரு மாதச் சம்பளம், 50,000. வரிக்குரிய வருமானம் 12,35,000. படிநிலைக் கணக்குப்படி வரி 65,250 வரும். வெறும் 35,000 தாண்டியதற்கு 65,250 கேட்பது அநியாயம் என்பதால் சட்டம் ஒரு தடுப்புச் சுவர் வைத்திருக்கிறது: 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது. எனவே வரி 35,000, செஸ்ஸோடு 36,400. அந்த ஒரு மாத 50,000-இல் கையில் நிற்பது 13,600.

இந்தத் தடுப்புச் சுவர் ஏறக்குறைய 12,70,000 வரை நீள்கிறது. 12 லட்சத்துக்கும் அதற்கும் இடைப்பட்ட மேட்டில் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் செஸ்ஸோடு 104 ரூபாய் வரியாகப் போகிறது. அதைத் தாண்டிய பிறகு வழக்கமான 15 சதவீதம். இதற்காக வேலையை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு மாதம் முன்னே பின்னே சேரும் வாய்ப்பு இருப்பவர், ஆண்டு மொத்தம் எந்த இடத்தில் போய் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத் தேதியைச் சொல்லலாம். வைப்புத்தொகை வட்டியையும் அந்தத் தாளில் சேர்க்க மறக்கக் கூடாது. பலரை இந்த மேட்டுக்குள் தள்ளிவிடுவது அதுதான்.

இரண்டாவது வருமானம் சம்பளமா, கட்டணமா?

எல்லா இரண்டாவது வேலையும் சம்பளமாக வருவதில்லை. பல நிறுவனங்கள் பகுதிநேர ஆட்களைப் பணியாளராகச் சேர்க்காமல் ஆலோசகர் என்று ஒப்பந்தம் போட்டு, 194ஜே பிரிவின்கீழ் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகின்றன. இங்கே நிலைக்கழிவு கிடையாது, ஃபார்ம் 16-உம் கிடையாது. வருவது ஃபார்ம் 16ஏ. 10 சதவீதம் பிடித்தாகிவிட்டது, வரி முடிந்தது என்று நினைப்பது பரவலான, செலவு வைக்கும் தவறு. அந்த 10 சதவீதம் முன்பணம் மட்டுமே. இறுதி வரி ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

சென்னை ஓஎம்ஆரில் 18 லட்சம் சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வார இறுதிகளில் வேறொரு நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசனை தந்து ஆண்டுக்கு ஆறு லட்சம் பெறுகிறார் என்று கொள்வோம். டிடிஎஸ் 60,000. சம்பளத்துக்கு மட்டும் அவருடைய வரி 1,50,800. ஆறு லட்சம் முழுவதையும் சேர்த்தால் 2,92,500. கூடுதல் 1,41,700, டிடிஎஸ் போக அவர் கையிலிருந்து கட்ட வேண்டியது 81,700.

44ஏடிஏ பிரிவு இந்த இடத்தில் பெரிய உதவி. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர்கள், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை லாபமாகக் காட்டி அதற்கு மட்டும் வரி கட்டலாம். ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம். கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. நம் பொறியாளரின் ஆறு லட்சம் இப்படி மூன்று லட்சமாகிறது; மொத்த வரி 2,14,500. டிடிஎஸ் போக அவர் கட்ட வேண்டியது வெறும் 3,700. அது 10,000-க்குக் கீழே இருப்பதால் முன்கூட்டிய வரித் தொல்லையும் இல்லை. தொகை பெரிதாக இருந்தாலும், இந்தப் பிரிவில் வருபவர்களின் வருமானத்துக்கு நான்கு தவணை கிடையாது; மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டினால் சரி. பாதிக்கு மேல் லாபம் என்று தானே சொல்பவர் அந்தக் கூடுதல் தொகையைத்தான் காட்ட வேண்டும்.

கற்பித்தல் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் டியூஷன் எடுப்பவரும், பயிற்சி மையத்தில் கட்டண அடிப்படையில் வகுப்பெடுப்பவரும் பக்கத்து வீட்டு ஐடி நண்பரைப் பார்த்து 44ஏடிஏ-வில் பாதியைக் காட்டிவிடக் கூடாது. அவர்கள் உண்மையான வரவு செலவை எழுதி வைத்து லாபத்தைக் காட்டலாம், அல்லது 44ஏடி பிரிவு தங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். இணைய இணைப்பு, புத்தகம், கணினியின் தேய்மானம், வகுப்புக்காக வாடகைக்கு எடுத்த அறை என்று கழிக்கக்கூடிய செலவுகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கும். ரசீதை மட்டும் தூக்கிப் போடக் கூடாது.

கட்டண வருமானம் உள்ளவருக்கு இன்னொரு கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது. சம்பளம் மட்டும் உள்ளவர் ஆண்டுதோறும் பழைய வரி முறையா புதியதா என்று மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறை வேண்டுமென்றால் ரிட்டர்னுக்குரிய கெடுவுக்குள் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்து ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மீண்டும் பழையதற்குப் போக முடியாது. வீட்டுக்கடன் வட்டியையும் வாடகைப்படியையும் நம்பிப் பழைய முறையில் இருப்பவர்கள், சின்ன ஆலோசனைத் தொகை ஒன்றை வாங்கும் முன் இதை யோசித்தே ஆக வேண்டும்.

யாருக்குத் தெரியும்?

2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாகப் பொது மேடையில் சொன்னதிலிருந்து, 'மூன்லைட்டிங்' என்ற சொல் தமிழ்நாட்டு ஐடி குடும்பங்களின் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது. வேலை ஒப்பந்தம் இரண்டாவது வேலையை அனுமதிக்கிறதா என்பது ஒரு கேள்வி. வரி கட்ட வேண்டுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அனுமதி இல்லாத வேலையில் வந்த வருமானத்துக்கும் வரி உண்டு. அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளின்படி முன்அனுமதி பெற வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளர் ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பதைத் தொழிலாளர் சட்டமே கட்டுப்படுத்துகிறது.

வரித் துறையிடமிருந்து எதையும் ஒளிக்க முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இரண்டு நிறுவனங்களும் காலாண்டுதோறும் தரும் டிடிஎஸ் விவரம் ஒரே பான் எண்ணின்கீழ் 26ஏஎஸ் என்ற வரி அறிக்கையிலும், ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இலும் பதிவாகிறது. ஒரு சம்பளத்தை விட்டுவிட்டு ரிட்டர்ன் போட்டால் பெங்களூரிலுள்ள செயலாக்க மையத்தின் கணினியே பொருத்திப் பார்த்துக் கடிதம் அனுப்பும். வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் குறைந்த வரியில் 50 சதவீதம் அபராதம். தெரிந்தே திரித்துக் காட்டினால் 200 சதவீதம்.

நிறுவனத்தின் கண்ணுக்கு இந்த அறிக்கைகள் படாது. வரி செலுத்துபவர் தன் கடவுச்சொல்லோடு உள்ளே போனால்தான் அவை தெரியும். ஆனால் வருங்கால வைப்பு நிதியின் கதை வேறு. ஒருவருக்கு ஒரே பிஎஃப் அடையாள எண்தான் (யுஏஎன்). இரண்டு இடத்திலும் பிஎஃப் பிடித்தால் பணிக்கால வரலாற்றில் இரண்டு நிறுவனங்களும் ஒரே மாதங்களில் வரிசையாக நிற்கும். புதிய வேலைக்குப் பின்னணி சரிபார்க்கும்போது கேள்வி பெரும்பாலும் எழுவது அங்கேதான். இதை அறிந்து, ஒப்பந்தத்தைப் படித்து, முடிந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வேலையில் இறங்குவதே நல்லது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும் தொழில் வரியையும் இரண்டு நிறுவனங்களும் பிடிக்கக்கூடும். ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு ஒருவர் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி கட்டத் தேவையில்லை என்பது அரசமைப்புச் சட்டம் வகுத்த உச்சவரம்பு. ஓரிடத்தில் கட்டிய ரசீதை மற்ற இடத்தில் காட்டிப் பேசலாம்.

இனி ரிட்டர்ன். இரண்டு சம்பளம் மட்டும், மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக ஐடிஆர்-1 போதும். சம்பளத்தோடு 44ஏடிஏ வருமானம் என்றால் ஐடிஆர்-4. வரவு செலவு எழுதிக் காட்டுபவருக்கு ஐடிஆர்-3. இரண்டு ஃபார்ம் 16-இன் கடைசி வரியில் உள்ள வரிக்குரிய வருமானத்தைக் கூட்டிப் போடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. விரிவுரையாளர் அப்படிச் செய்தால் 8,85,000-உம் 5,25,000-உம் சேர்ந்து 14,10,000 வரும்; சரியான தொகை 14,85,000. நிலைக்கழிவு இரண்டு முறை கழிந்ததால் வந்த இந்த 75,000 வித்தியாசத்துக்கு 11,700 ரூபாய் வரி குறைந்து நிற்கும், பிறகு வட்டியோடு திரும்பக் கேட்பார்கள். கழிவுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகப் பதிந்து, 75,000-ஐ ஒருமுறை மட்டும் கழிக்க வேண்டும்.

தாக்கல் செய்யும் முன் ஏஐஎஸ்-ஐத் திறந்து, இரண்டு நிறுவனங்களின் பெயரும் தொகையும் ஃபார்ம் 16-உடன் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பாக்கி வரியைக் கட்டி, செலான் எண்ணைப் பதிந்து, அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அனுப்பியது கணக்கில் சேராது. விரிவுரையாளருக்கு அன்று இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜூலை ஆகிவிட்டது, நடப்பு ஆண்டில் நான்கு சம்பளம் போய்விட்டது. மாலை வகுப்புக்குப் போகும் வழியில் கல்லூரிச் சம்பளப் பிரிவில் நிறுத்தி, மையத்தின் சம்பள விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், மீதி எட்டு மாதத்தில் இந்த ஆண்டின் வரியைப் பிரித்துப் பிடித்துவிடுவார்கள்.